முதற்சொல்

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடியில்
பக்கத்துக்கு நானூறு ரூபா எனக்கு.
பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, விவாகரத்து;
இம்முறை அமெரிக்க யாப்பு.
சட்டத்தரணி ஃபைரூஸின் வகுப்புக்கு
வெள்ளிக்குள் வேண்டுமாம்.

முதற்சொல்லிலேயே நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும்.
தமிழ் கேட்கிறது:
நாமா, நாங்களா?
கேட்டுக்கொண்டிருப்பவன்
உள்ளேயா, வாசலிலா?

'நாம்' என்றே எழுதினேன்.
மை காயுமுன் வந்தது அந்தக் கணக்கு:
அடிமை என்று சொல்லாமல்
'ஏனையோர்',
தலைக்கு ஐந்தில் மூன்று.
வெட்டி, 'நாங்கள்' என்றேன்.

பிறகு திருத்தங்கள்.
பதின்மூன்று, பதினான்கு, பத்தொன்பது...
பூட்டிய அறைக்குள் யாரோ
ஒவ்வொரு கதிரையாக இழுத்துப் போடும் சத்தம்.

கீழே இயந்திரம்
யாருடையதோ அடையாள அட்டையை
இருபுறமும் படியெடுக்கிறது.
தலவாக்கலையில் பிறந்த அப்பா
பிரசாவுரிமை மனுவோடு
பதினேழு வருடம் வரிசையில் நின்றார்.
ஐந்தில் எத்தனை என்று
அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மின்சாரம் போய் வந்தது.
பென்சிலால் மறுபடி 'நாம்',
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
ஃபைரூஸ் கேட்டால்
மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்பேன்.
அதற்குக் காசில்லை.