பதினான்காம் குறியீடு

பதினோரு ஆண்டுகளாக
கல்வி மாவட்ட அலுவலகத்தின் கீழ்த்தளத்தில்,
வெந்நீர்க் குழாய்கள் முனகும் அறையில்,
தண்டனைச் சீட்டுகளைப் பதிந்துகொண்டிருக்கிறேன்.
ஜன்னலுக்கு மேல் விஸ்கான்சின் பனி.
நடப்பவர்களின் பூட்ஸ் மட்டும் தெரியும்.

மூன்று: தாமதம்.
ஏழு: கைகலப்பு.
ஒன்பது: பொருள் சேதம்.
பதினான்கு: அடங்காமை.

ஏழென்றால் யாருக்காவது மூக்கில் ரத்தம்.
ஒன்பதென்றால் ஏதோ உடைந்திருக்கும்.
பதினான்குக்கு மட்டும்
எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.
ஒரு பையன் பார்த்த பார்வை போதும்.
அந்தப் பார்வையை ஒருவர் பார்த்த விதம் போதும்.

ஒன்று, நான்கு, என்டர்.
ஒன்று, நான்கு, என்டர்.
பெயர்களை நான் படித்ததில்லை;
விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை.

பிப்ரவரியில், பழைய சீட்டுகளின்
காரணங்களையும் ஏற்றச் சொன்னார்கள்.
அதுவரை எண்ணே போதுமானதாக இருந்தது.
சமத்துவக் குழு கேட்கிறதாம்.
தன் பெயரில் இனம் என்ற சொல் இருக்கலாமா என்று
நான்கு மாதமாகக் கூடிக் கூடிக் கலைந்த குழு.

ஆறாவது பெட்டியில்
என் மகன் இருந்தான்.

நீல்ஸ் ஹாஃப்ஸ்டாட், ஏழாம் வகுப்பு.
உடற்பயிற்சிக் கூடத்து ஜன்னல், ஒரே கல்.
காரணம்: விளையாட்டு வினையாகிவிட்டது.
வீட்டுக்குத் தகவல் சொல்லப்பட்டது.
ஆமாம், சொன்னார்கள்.
பாவம், பயந்திருக்கிறான் என்று
அன்று சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சீட்டு.
அதே தேதி, அதே ஜன்னல், அதே கல்,
அதே ஆசிரியரின் சாய்ந்த கையெழுத்து.
பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வருகிற பையன்.
பதினான்கு.
ஐந்து நாள் வரக்கூடாது.

பதிந்தவர் என்ற கட்டத்தில்
இரண்டு எழுத்துகள்.
என்னுடையவை.

ஏப்ரல் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
எனக்கு முன்னால் பேசியவர்
நாங்கள் யாரும் நிறம் பார்ப்பதில்லை என்றார்.
கைதட்டினார்கள்.
நான் இரண்டு சீட்டுகளையும் வாசித்தேன்.
என் மகன் பெயரைச் சொன்னேன்.
மற்றவன் பெயரைச் சொல்லவில்லை;
அது என்னுடையதல்ல.
இன்னும் ஒரு நிமிடம் மீதமிருந்தது.
அதை எதைக்கொண்டு நிரப்புவதென்று தெரியாமல்
விளக்கைப் பார்த்தபடி நின்றேன்.

வாசலில் ஒரு பெண் மறித்தாள்.
சலவையகச் சீருடை, சட்டைப்பையில் ப்ரூயிட் என்ற பெயர்.
நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்,
வெட்கம் கெட்டவள் நான்.

"தேதியைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது.
அந்த ஐந்து நாளும் ஜாமிர் எங்கே இருந்தான் என்று
உன் தாளில் இருக்கிறதா?"

இல்லை.

"என்னோடு இருந்தான்.
ஓட்டல் படுக்கை விரிப்புகளை
மூலைக்கு மூலை சேர்த்து மடித்தான்.
ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்து மறுபடி மடிப்பான்.
அடங்காதவன்."

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
பாலத்துப் பக்கம் போகிற கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.

செப்டம்பரில் புதிய படிவம் வந்தது.
எண்கள் பதின்மூன்றோடு நின்றுவிட்டன.
கீழே மூன்று வெற்றுக் கோடுகள்:
நீங்கள் கண்ணால் கண்டது என்ன?
குழு தன் பெயரை இன்னும் முடிவு செய்யவில்லை.

முதல் கட்டு வந்தது.
கிழக்குக் கரைக் கட்டுக்கு
இப்போதும் இரண்டு ரப்பர் பட்டை.
மேலே இருந்த சீட்டில்:
பென்சில் கீழே விழுந்தது.
எடுக்கச் சொன்னேன்.
சற்று நேரம் கழித்து எடுத்தான்.

ஓரத்தில், பேனாவால்,
பதினான்கு என்று எழுதி
அடித்திருந்தது.
அடித்த கோட்டுக்குக் கீழும்
நன்றாகவே தெரிகிறது.

அதை எந்தக் கட்டத்தில் பதிவதென்று
நெடுநேரம்
விரலை விசைப்பலகைமேல் வைத்திருந்தேன்.
பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக,
பெயரைப் படித்தேன்.