கூரை வரை வாடகை

மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல், புதுச்சேரி.
இரவு ஒன்பதரை.
ஹூப்ளி லாரிக்குக் கதவடைக்கப் போகும் நேரம்
சேதராப்பட்டிலிருந்து ஒரு குட்டியானை,
அதன் முதுகில்
அமலோற்பவத்தின் ஒற்றைப் பேலட்.

முழு லாரிக்குக் காணாது.
பஸ் கூரைக்குத் தாங்காது.
என் பிழைப்பு இந்த இடைவெளியில்தான்:
காலும் அரைக்காலுமாய் வருகிறவர்களைச் சேர்த்து
ஒரு முழுசு பண்ணுவது.

அன்றைய முழுசில்
பண்ருட்டி முந்திரி டின் நாற்பது,
கடலூர் சிப்காட் சாயத்தூள் டிரம் ஆறு,
இரண்டும் பேசிக்கொள்ளாதபடி நடுவில் நிறுத்திய மோட்டார் பம்புகள்,
மாற்றலாகிப் போகும் யாரோ ஒருவரின் வீடு,
பீரோ, கண்ணாடி, கட்டில் கால்கள் சகிதம்.
இவர் சரக்கை அவர் அறியார்.
ரசீது எண்கள் மட்டும் அடுத்தடுத்து.

"கடைசியில இறங்குறது முதல்ல ஏறணும்மா"
என்றான் காத்தமுத்து,
ஓசூர் மூட்டைகளைத் திரும்ப இறக்கிக்கொண்டே.
அவன் சொன்ன மற்றதை
நான் எழுதப்போவதில்லை.

டேப் பிடித்தேன். நாலுக்கு நாலு, உயரம் நாலு.
தராசில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
உச்சியில் சிவப்பு அட்டையில் ஒரு கூம்பு ஒட்டி
ஸ்கெட்ச் பேனாவில்:
மேலே எதையும் வைக்காதீர்.

"அப்ப கூரை வரைக்கும் உங்க இடம்.
கன அடிக்கு ஆறு கிலோ,
எழுநூத்தி இருபது வருது."
"என் சரக்கு முந்நூறு சார்."
"மிச்சம் காத்து."
"காத்தை நான் அனுப்பலையே?"

பதில் இருக்கிறது, எங்கள் விதிப்புத்தகத்தில்
ரசீதின் பின்பக்கம்
எறும்பு எழுத்தில் இருக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஒரு பெட்டியைப் பிரித்து
ஓர் அடிப்பாகத்தை என் கையில் வைத்தாள்:
மிருதுவான ரப்பர், கட்டைவிரல் புதைந்து எழுந்தது.
"சர்க்கரை நோய்க்காரங்க செருப்புக்கு.
எடை உட்கார்ந்தா இந்த ஸ்பாஞ்ச் செத்துரும்.
செத்தது அந்தக் காலுக்குத் தெரியாது சார்.
புண்ணு வந்த அப்புறம்தான் தெரியும்."

கால்குலேட்டரில் எழுநூற்று இருபது
கொஞ்ச நேரம் எரிந்து
தானே அணைந்தது.

ஷெட்டின் மூலையில்
கடலூர் துறைமுகத்திலிருந்து வந்த
காலி தெர்மாகோல் பெட்டிகள்,
அவையும் ஹூப்ளிக்கு.
யாருக்கு, எதற்கு என்று கேட்பது என் வேலையில்லை.
ஒன்றைச் சுண்டுவிரலில் தூக்கலாம்.
"இதை மேல அடுக்கினா உங்க காத்து அவங்க கணக்குல போயிடும்.
ஆனா கழுவியும் நாத்தம் போகலை."

குனிந்து முகர்ந்தாள்.
சூரை மீன், நேற்றையது.
"கால்ல போடுறதுதானே சார்,
மூக்குலயா?"

காத்தமுத்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.
கூம்பைப் பிய்த்து என் மேஜையில் எறிந்தான்.
முந்நூற்று எண்பத்து நாலுக்குப் பில் போட்டேன்.
பதினொன்றே காலுக்கு
ஈரப்பா ஊதுவத்தி கொளுத்தி
ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு
விழுப்புரம் சாலையில் திருப்பினான்,
பதினேழு பேருடைய ஒரே லாரியை.

ஆறாம் நாள் கையெழுத்துப் பிரதி வந்தது.
முத்திரை, தேதி,
கீழே உருண்டையாய்க் கன்னடத்தில் ஒரு வரி.
குறைவா, சேதமா? வயிறு கலங்க
ஈரப்பாவிடம் நீட்டினேன்.
எழுத்துக்கூட்டி வாசித்தான்:
"இருபது பெட்டி, சரி.
மீன் யாருடையது?"

கூம்பு இன்னும் மேஜையில்தான்.
பில் புத்தகத்தை, டீ கிளாஸை,
ஒருமுறை காத்தமுத்துவின் தொப்பியைக்கூட
வைத்துப் பார்த்தாயிற்று.
எதுவும் நிற்பதில்லை.
அதன் முனையிலிருந்து மின்விசிறி வரைக்கும்
மூன்றரை அடி.
யார் பேரிலும் பில் போடாமல்
அப்படியே விட்டிருக்கிறேன்.