மலைக்காக இரண்டு கழித்து

பித்தப்பை அறுவைக்குப் பிறகு
பேட்டர்சன் மருத்துவமனையில் அப்பாவின் தாளில்
செவிலி எழுதியிருந்தாள்: பேச்சில் தெளிவில்லை.
மயக்கம் கலையக் கலைய
ஆங்கிலமும் இல்லாத, ஸ்பானிஷும் இல்லாத எதையோ
மூன்று மணிநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.
நான் அதே அறையில்தான் இருந்தேன்.
செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
தாளை வாசித்தேன்.
சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இப்போது அயகூச்சோவுக்கும் மேலே
பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு சுகாதார நிலையம்.
காலையில் கெச்சுவா வகுப்பு, மதியம் இரத்தச் சோதனை.
கேட்பவளை உள்ளே விடும் ஒரு சொல், ஞுக்காஞ்சிக்.
வெளியே நிறுத்தும் ஒரு சொல், ஞுக்காய்க்கு.
பக்கத்து இருக்கை டென்மார்க்காரன் மாஸ்
தலையைப் பிய்த்துக்கொள்கிறான்.
நான் வளர்ந்த ஆங்கிலத்திலும்
இந்த வாசற்படி கிடையாது.

சத்துர்நீனா சுல்கா, முப்பத்தொன்று,
நகக்கண்ணில் உருளைக்கிழங்கு மண்.
பஞ்சால் இருமுறை துடைத்துக் குத்தினேன்.
எண்ணைப் பார்த்ததும்
இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்தேன்,
சொல்லை மாற்றி எடுத்துவிட்டேன்:
நமக்கு இரத்தம் குறைவு.

அவள் நிமிர்ந்தாள்.
"உனக்குமா?"
வரிசை முழுக்கச் சிரிப்பு.
"அப்படியானால் உனக்கும் குத்து."
குத்தினேன். பன்னிரண்டரை.
மலை உயரத்துக்காக இரண்டு கழிக்க வேண்டும், அது விதி.
பத்தரை.
ஒரே டப்பாவிலிருந்து
இரண்டு பேருக்கும் இரும்பு மாத்திரை எண்ணினேன்.
"காப்பியோடு விழுங்காதே" என்றாள்,
போன மாதம் இங்கே யாரோ அவளுக்குச் சொன்னதை.

வியாழக்கிழமை, காய்ச்சலில் ஒரு பையன்
பெஞ்சில் புரண்டபடி
யாக்குத்தா, யாக்குத்தா.
எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன்.
குவளை பாதி நிறைந்த பிறகுதான் உறைத்தது,
நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.
கால் தானாக நடந்திருக்கிறது.
அந்தச் சத்தத்தை எனக்கு முன்பே தெரியும்.
குவளை வழிந்தது.
மூன்று மணிநேரம்.

மாலையில் தொட்டிச் சுவரில் ஏறினால்தான் சிக்னல்.
அப்பா சலவைக்கடையில் இருந்தார்.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்,
அவர் மொழியில், முதல்முறை.
வெகுநேரம் இயந்திரம் மட்டும் சுற்றியது.
பிறகு ஸ்பானிஷில்:
"இப்போது வேண்டாம்.
உன் உச்சரிப்பு லிமாக்காரி மாதிரி இருக்கிறது."

கொஞ்சம் கழித்து, அதே மொழியில்,
ஊரில் மழையா என்றார்.
நம் ஊர் என்றாரா, எங்கள் ஊர் என்றாரா,
இயந்திரம் உருண்ட சத்தத்தில்
அந்த விகுதி எனக்குக் கேட்கவில்லை.

மழைதான் அப்பா, என்றேன்.