தோன்றா எழுவாய்

டோர்ஸ்ஹவுன் துறைமுகத்தின் பின்தெருவில்
ஐஸ் கிடங்குக்கு மேல்மாடியில்
ரான்வாவுக்கு வேலை.
எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்.
நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு.

பஃபின் – ஒருவகை – பறவை.
தெற்குத் தீவு – பகுதி – ஃபாரோ.
இன்னார் – திருமணமானவர் – இன்னாரோடு.
மூன்று மூன்றாய்க் கோத்துக் கொடுத்தால்
உலகம் எந்திரத்துக்கு விளங்கிவிடும் என்றான்
டப்ளினிலிருந்து பயிற்சி தர வந்தவன்
(வந்த அன்றே காற்றில் குடையைப் பறிகொடுத்தவன்).
"சொல்லாதது பொய்யாகாது.
தெரியாதது, அவ்வளவுதான்."
அதை அவள் எழுதி ஒட்டிவைத்திருக்கிறாள்.

குறியிடுவது அவளுக்குப் புதிதல்ல.
இடக்காது நுனியில் ஒரு பிளவு,
வலக்காதின் பின்புறம் ஒரு கொத்து:
யாருடைய ஆடென்று
மூடுபனியில் விரலால் தடவியே சொல்வாள்.
தன் காதில் என்ன எழுதியிருக்கிறதென்று
ஆட்டுக்கு மட்டும் தெரியாது.

மாலையில் போன்.
சாம்பல் கடலைப் படம் போட்டாள்: நான்கு லைக்.
அதே கடல், முன்னால் ஆரஞ்சு மழைக்கோட்டு:
இருநூற்றாறு.
யாரும் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை.
மூன்றாவது வாரம்
வெயிலடித்த ஒரே நாளிலும்
கோட்டை மாட்டிக்கொண்டு கரையில் நின்றாள்.

அப்போதுதான் அது கேட்டது:
உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.
ஹானுஸ்.
பொதுவான நண்பர்கள் நூற்று நாற்பத்தொன்று.
ஒரே பள்ளி. ஒரே கடைசிப் பெயர்.
இருக்கலாமாம்!
ஒரே வயிறு.

அப்பாவின் காதுக்குறி யாருக்கு என்பதில்
பதினோரு வருடம்.
அவன் பெற்றான். அவள் கப்பலேறினாள்.

மறுநாள் வேலையில் பயனிலைப் பட்டியலைத் தேடினாள்.
தெரியும். பின்தொடர்கிறார். உடன்பிறந்தவர்.
கூடப் படித்தவர். பக்கத்து வீடு.
'பேசுவதில்லை' இல்லை.
சேர்க்கச் சொல்லி டப்ளினுக்கு எழுதினாள்.
ஒரு வரியில் பதில்:
இல்லாததைச் சேமிக்க வழியில்லை.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு
அவன் பக்கத்தில் கீழே கீழே போய்
பழைய நாயொன்றின் படத்தில்
கட்டைவிரல் வழுக்கியது.
ஒரு விநாடிக்குள் திரும்ப எடுத்துவிட்டாள்.
எடுத்தால்?
விடிந்தபோது இரண்டு தீவுகளில் இரண்டு போன்களில்
ரோமம் கத்தரிக்கும் கத்தரிக்கு ஒரே விளம்பரம்,
பதினைந்து சதவீதத் தள்ளுபடியோடு.

அதன்பின் அவள் எழுதிய எல்லாம்
முந்நூறு பேருக்குப் போட்டது போலிருக்கும்,
ஒருவனுக்குப் போட்டது.
ஒரு பெண்ணாட்டின் காதைப் போட்டாள், வெறும் காது.
ஆளுக்கொரு இதயம் வைத்துப் போனார்கள்.
ஒருவன் மட்டும் நாற்பத்தேழு விநாடி
விரலை அசைக்காமல் பார்த்திருந்தான்,
ஒன்றும் வைக்கவில்லை.
எந்திரம் அதை எண்ணிக்கொண்டது, அவளிடம் சொல்லவில்லை.
அவன் பெயரை அவள் பட்டியலில்
ஒரு படி மேலே தூக்கிவைத்தது.
ஏன் அவனே வந்து வந்து நிற்கிறான் என்று
அவள் எரிச்சல்பட்டாள்.

மார்ச்சில் தெற்குத் தீவுக் கப்பல்.
ஓர் அத்தையின் அடக்கம்.
காபிக் கூடத்தில் அவன் இந்த ஜன்னல்,
அவள் அந்த ஜன்னல்,
நடுவில் ஆணியடித்த மேசைகள்.
பாதி வழியில் கப்பல் சரிந்தது.
அவன் கோப்பை வழுக்கி, மேசை தாண்டி,
தரையில் உருளாமல் நேராக
அவள் பக்கம் வந்தது.
பிடித்தாள்.
அடுத்த அலை மறுபக்கம் சாயும்வரை காத்திருந்து
மெல்லத் தள்ளிவிட்டாள்.
பிடித்தான்.

படமெடுக்கவில்லை.

திங்கட்கிழமை, எண்ணூறுக்குப் பிறகு
சரிபார்க்க ஒரு வரி வந்தது.
பெயர் மறைத்து இலக்கங்கள் மட்டும்:
பயனர் இத்தனை – அருகில் இருந்தார் – பயனர் அத்தனை.
இடம்: கடல். நேரம்: இரண்டு மணி.
உறவு?

வேறு யாராகவும் இருக்கலாம்.
கப்பலில் எழுபது பேர் இருந்தார்கள்.

கீழே கிடங்கில் ஐஸ் கொட்டும் சத்தம்.
விரல்நுனியில் இன்னும் அந்தச் சூடு.
பிடித்தாள், பிடித்தான் என்றால்
வாக்கியம் முடிந்துவிடுகிறது,
யாரென்று எழுத வேண்டியதில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டு
அடுத்ததற்குப் போனாள்.
காட் – ஒருவகை – மீன்.