பாசி அல்ல, மீன்

பிப்ரவரி முழுக்கக் கடிதம் எழுதினேன்.
ஏரி அப்போது கல்லாகக் கிடந்தது.
டுலூத் துறைமுகத்தின் பனிக்கட்டி மேல்
கூடாரம் அடித்துத் துளையிட்டு
மீனுக்குக் காத்திருந்தவர்கள்
என் சன்னலுக்குப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.
நானும் துளையிட்டுக்கொண்டுதான் இருந்தேன்:
நாற்பத்து மூன்று பேராசிரியர்கள்,
நாற்பத்து மூன்று துளை.

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,
இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறேன்,
தங்கள் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன்" –
ஆர்வம் மெய்.
படித்தது சுருக்கமும் கடைசிப் பத்தியும்.

அறைத்தோழி பா ஞியாவுக்கு
பாஸ்டனிலிருந்து வந்துவிட்டது:
பத்து வாரம், உதவித்தொகை, தங்குமிடம்,
விமானச்சீட்டும் அவர்களே.
நவம்பரிலேயே விண்ணப்பித்தாளாம்.
நவம்பரில் எனக்கு
அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.
அவளுக்குச் சொன்னது அவள் அக்கா.
எனக்கு இருப்பது ஓர் அண்ணன்,
ஹிப்பிங் சுரங்கத்தில் லாரி டயர் மாற்றுகிறான்.
"கோடையில் என்னத்தை ஆராயப் போகிறாய்,
கொசுவையா?"

ஆமாம் என்றேன்.
கொசுவுக்கும் ஒருவருக்கு எழுதியிருந்தேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஒரே ஒரு பதில்.
"அன்புள்ள மேவிஸ் கொஸ்கி,
என் பாசி ஆராய்ச்சியை வியந்திருக்கிறீர்கள்.
நான் பாசி அல்ல, மீன்.
பாசிக்காரர் பெர்த்தியோம், மூன்றாம் மாடி.
ஆனால் உங்கள் இரண்டாம் பத்தி,
பேக்கரியில் மாவு புளிக்கும் நேரத்தை
நான்கு மாதம் நோட்டில் குறித்துவைத்த விஷயம்,
அது எனக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன்.
வாருங்கள். சம்பளம் கிடையாது.
ஹால்வர்சன்."

மேசைக்கடியில் போய் உட்காரலாம் போலிருந்தது.
பிறகு இரண்டு தரம் படித்தேன்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை எனக்கு;
மனிதர் மீசையை மட்டும் நீட்டுகிறார்.

வாடகையில் என் பங்கு நானூற்றுப் பத்து டாலர்.
இலவசமாக உழைக்கவும்
கையில் கொஞ்சம் காசு வேண்டியிருக்கிறது.
பணம் கேட்கும் ஒற்றை வரியைப்
பதினொரு தடவை எழுதி அழித்தேன்.
"தயவுசெய்து" சேர்த்தால் கெஞ்சல்,
எடுத்தால் அதட்டல்.
கடைசியில் வெறும் கணக்காக எழுதினேன்:
பேக்கரியில் முப்பது மணி நின்றால்தான்
வாடகை நிற்கும்.
மிச்சம் வாரத்துக்குப் பதினான்கு மணி உங்களுக்கு.
அதில் எத்தனைக்குக் காசு தர முடியும்?

மூன்று நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாள்:
"ஆறுக்கு. குடுவை கழுவும் கணக்கில் மீதி கிடக்கிறது.
மற்ற எட்டுக்கு மன்னிக்கவும்.
இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்."
பாராட்டா,
கேட்காமலே திரும்பிப் போனவர்களை
அப்போதுதான் எண்ணிப் பார்த்தாரா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜூலை. ஏரி தண்ணீராகிவிட்டது.
ட்ரௌட் மீனின் மண்டைக்குள்ளிருந்து
காதுக்கல்லை இடுக்கியால் எடுக்கிறேன்,
ஒரு நொய்யரிசி.
தேய்த்து விளக்கில் வைத்தால் வளையங்கள்:
கோடைக்கு அகலம்,
குளிருக்கு ஒரு மெல்லிய கருங்கோடு.
தின்ற மாதத்தையும் பட்டினி மாதத்தையும்
கல் ஒளிப்பதில்லை.

தாளில் இரண்டு கட்டம்:
வாசித்தவர் ஒன்று, வாசித்தவர் இரண்டு.
ஒருவர் எண்ணியது மற்றவருக்குத் தெரியக் கூடாது.
இந்த மீனுக்கு நான் இருபத்தேழு போட்டேன்,
என்னைவிட ஏழு வயது மூப்பு.
ஹால்வர்சன் இரண்டு கட்டத்தையும் பார்த்தார்.
"மறுபடி" என்றார்.
யார் தப்பு என்று சொல்லவில்லை,
அவரும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுபடி எண்ணினேன். இருபத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை,
காசில்லாத எட்டில் இது மூன்றாவது மணி.
நாலு நாற்பது பஸ்ஸைப் பிடித்தால்தான்
மாவு பிசையும் நேரத்துக்குப் போகலாம்.
விளிம்பருகே இன்னொரு கோடு,
இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும்.
விளக்கைக் கொஞ்சம் சாய்த்தேன்.