கட்டிலைச் சேர்த்தா, சேர்க்காமலா

பகாவ் நீதிமன்றத்தில் எனக்கு வேலை
வாயைக் கடன் கொடுப்பது.
செம்பனைக் குலை திருடியவன் தமிழில் அழுதால்
மலாயில் அழுது காட்டுவேன்,
கண்ணீர் நீங்கலாக.

மழை விட்ட ஒரு சாயங்காலம் பிரமிளா கூப்பிட்டாள்.
கைப்பேசியில் நாற்பத்தோரு பக்கம்.
புருஷன் பெயர் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது,
அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

சத்தியசீலன். ஜெராம் பாடாங் தோட்டத்துப் பையன்,
ரோட்டர்டாமில் எண்ணெய்க் கம்பெனிக் கணக்கன்.
ஜெனோவா துறைமுகத்தில் யாரோ வாங்கிய லஞ்சத்துக்கு
இவன் கையெழுத்தாம்.
இத்தாலி கேட்கிறது.
ஹாலந்து பிடித்து வைத்திருக்கிறது.
அங்கே பத்திரிகைகளில் முதல் பக்கம்.
இங்கே மூன்றாம் பக்கம்,
நகை அடகு விளம்பரத்துக்குக் கீழே.

"நாடு கடத்தல்" என்று ஆரம்பித்தேன்.
"கடத்தலா? அவர் எதையும் கடத்தலையே!"
தப்பு என்னுடையது.
சிகரெட் கடத்தல், டீசல் கடத்தல் என்று
தினம் என் வாயில் தேய்ந்த சொல் அது.
"ஒப்படைப்பு" என்று மாற்றினேன்.
"யார்கிட்ட?"
"இத்தாலிகிட்ட."
"அப்போ நம்மகிட்ட இல்லையா?
ரெண்டு நாடு இழுக்குது,
நம்ம நாடு ஏங்க கேக்கல?"

மூன்று மொழிக்குச் சம்பளம் வாங்குகிறேன்.
மூன்றிலும் தேடிவிட்டு
தேத்தண்ணி ஆறுது என்றேன்.

வக்கீலம்மா குற்றத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.
அறையைப் பற்றிப் பேசினாள்.
ஆளுக்கு மூன்று சதுர மீட்டர் வேண்டும்,
குறைந்தால் மனிதனை அனுப்பக் கூடாது.
அதில் கட்டில் சேருமா சேராதா என்று
ஒரு நாள் முழுக்க
மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் வழக்கு.

"மூணு மீட்டர்னா எவ்வளவு?"
அவள் வீட்டுத் தரை ஓரடி ஓடு.
எட்டுக்கு நாலு, முப்பத்திரண்டு எண்ணினோம்.
சாக்பீஸால் கோடு போட்டாள்.
சின்னவன் பள்ளிப்பையோடு உள்ளே போய்ப் படுத்து
"இன்னும் இடம் இருக்கும்மா" என்றான்.

நீதிமன்றப் பழங்கட்டுகளில் ஒன்று எனக்குத் தெரியும்,
கரையான் தின்றது போக மிச்சம்.
ஒரு தோட்டத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு
ஓடிப்போன ஆள், பெரியாண்டி,
இடது புருவத்தில் தழும்பு.
ஒரு துரை கேட்டார், ஒரு துரை கொடுத்தார்,
நடுவில் கிராணியின் கையெழுத்து, அழகான கையெழுத்து.
மொத்த விசாரணை பதினோரு வரி.
லயத்து அறையின் நீள அகலம்
எந்த வரியிலும் இல்லை.
பிரமிளாவிடம் இதைச் சொல்லவில்லை.
அவளுக்கு வேறு கணக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு.
அங்கே காலை பத்து, இங்கே மாலை ஐந்து,
குலை லாரிகள் மில்லுக்குத் திரும்பும் நேரம்.
நம் எண்ணெயும் ஜெனோவாவுக்குப் போகிறது.
போய்ச் சேர
அதற்கு வக்கீல் தேவைப்படுவதில்லை.

இத்தாலி உத்தரவாதக் கடிதம் அனுப்பியிருந்தது:
மூன்று புள்ளி பூஜ்யம் ஏழு மீட்டர்,
திறக்கக்கூடிய ஒரு ஜன்னல்.
நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வினைச்சொல் தேடினேன்.
அனுப்புறாங்க? கொடுக்குறாங்க? விட்டுடுறாங்க?
"கேட்டதுக்குச் சரின்னுட்டாங்க" என்றேன்,
எழுவாய் இல்லாமல்.

பிரமிளா வெகுநேரம் தரையைப் பார்த்தாள்.
"கட்டிலைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

முப்பத்தாறாம் பக்கம், அடிக்குறிப்பு.
"சேர்க்காம."

"அப்போ கட்டிலுக்குத் தனி இடம்" என்று
முட்டி போட்டு
இன்னும் பன்னிரண்டு ஓடு வளைத்தாள்.
கோடு போய் அலமாரியில் முட்டியது.

"இத நகத்தணும்" என்றாள்,
"அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."