தலை இருக்க

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பறக்கையில், தரையில்.
ஏதாவது ஒன்றில்தான் டிக் போட வேண்டும்.

கொமொதோரோவிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டி வந்தேன்.
வழியில் ஒரு மரம் இல்லை.
புதரெல்லாம் கிழக்கே சாய்ந்து படுத்திருந்தது.
காற்று மேற்கிலிருந்துதான், வருடம் முழுக்க.
ஓடுபாதையோ தெற்கு வடக்கு.
ஏன் என்று கேட்டால்
வேலி அப்படித்தானே போகிறது என்கிறார்கள்.

சரளையில் தடம் இன்னும் அழியவில்லை.
முதலில் இடது சக்கரம் மட்டும், காற்றுப் பக்கம்,
முப்பது தப்படிக்கு ஒற்றைக் கோடு.
பிறகு வலது.
பிறகு நடுவில் வால்சக்கரம் கீறிய மெல்லிய நூல்.
இவ்வளவு சுத்தமான இறக்கத்தை
விபத்துக் கோப்பில் நான் பார்த்ததில்லை.
நூறு தப்படி வரை மூன்றும் நேர்.
அப்புறம்
நூல் வலப்பக்கம் நழுவுகிறது,
வலக்கோட்டைத் தாண்டுகிறது,
அரிவாளாக வளைகிறது எல்லாம்.
முனையில், வலது இறக்கை உழுத குழி.

கிராஸியேலா ஓயார்சூன், வயது ஐம்பத்தொன்று.
நெற்றியில் ஒரு பிளாஸ்திரி.
பின்சீட்டில் இருந்த ஆட்டுத் தடுப்பூசியில்
ஒரு குப்பிகூட உடையவில்லை.
அதை இரண்டு தடவை சொன்னாள்.

காற்று எவ்வளவு?
எப்போதும்போல.
வேகம்?
ஒரு ஆள் ஓடிவந்து பிடித்திருக்கலாம்.
யாரும் ஓடி வரவில்லை. நாய் வந்தது.

தலை இருக்க வால் ஆடக்கூடாது,
மற்ற இடங்களில்.
இந்த ரக விமானத்துக்குக் கனம்
முன்சக்கரங்களுக்குப் பின்னால்.
வால் எந்நேரமும் முந்தப் பார்க்கும்.
வேகம் குறையக் குறைய
சுக்கானுக்குப் பலம் போகும்,
பாதத்துக்கு வேலை கூடும்.

வலது பெடலில் இருந்த கால்? என்றேன்.
வெகுநேரம் நாயைப் பார்த்தாள்.
மூன்று சக்கரமும் தொட்டதும்
அந்தக் கால் இறங்கி வீட்டுக்குள் போய்
மாத்தேவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டது என்றாள்.

காரணம் என்ற இடத்தில்
காற்று என்று எழுத எங்களுக்கு அனுமதியில்லை.
எழுதினால் இந்த மாகாணமே ஒரு கோப்பு.
'கவனக்குறைவு' என்று எழுதினேன்,
பேனா பாதியில் நின்று, உதறி, மறுபடி.

படிவத்தை மடித்து வண்டிக்கு வந்தேன்.
வேலை முடிந்தது.
கதவைத் திறந்தேன்.
கைப்பிடி கையில் இல்லை.
கதவு கீலோடு முன்னால் மடிந்து
முகப்பில் அறைந்து நின்றது.
பத்தொன்பது வருடமாக இதே ஊர்களில் வண்டி நிறுத்துகிறேன்.
மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்த வேண்டும்,
குழந்தைக்கும் தெரியும்.

அவள் சிரிக்கவில்லை.
விமானத்தின் இடது இறக்கையிலிருந்து
கயிற்றை அவிழ்த்து வந்தாள்.
அது இனி எங்கே போகப் போகிறது.
கதவை இழுத்து, முட்டியால் அழுத்தி, கட்டினாள்.
முடிச்சுப் போட்டபடி ஒன்றுதான் கேட்டாள்:
கையா?

கை, என்றேன்.